மேனேஜர் சாப்பிடவில்லை

அந்த வீட்டில் இருந்தது இரண்டு பெண்களும் ஒரு பூனையும். பெண்களில் ஒருத்தி அண்ணி, மற்றவள் நாத்தனார். ஆறு வருஷமாக அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொன்னார்கள்.

"மேனேஜர், உங்க அத்தைகிட்ட சொல்லு, கேஸ் தீரப் போகுதுன்னு."

"மேனேஜர், உங்கம்மாவைக் கேளு, போன மாசம்தானே மாத்தினோம், அதுக்குள்ள எங்க போச்சாம். எடுத்துக் குடிச்சாங்களாமா?"

"நான் ஏன் குடிக்கறேன். உங்க அத்தை தினம் ஒரு அண்டா வெந்நீர் போட்டுத் தலையில ஊத்திக்கறாங்களே, அங்க போச்சுன்னு சொல்லு."

பூனை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, காதை மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பும். தீர்ப்பு எதுவும் சொல்லாது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள், அவர்களே சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததுண்டு.

பூனையைக் கொண்டுவந்தவர் அண்ணியின் புருஷன், நாத்தனாருக்கு அண்ணன். குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். ஒருநாள் காலையில் போய்க் கதவைத் திறந்தால், மேனேஜர் நாற்காலியில் கைப்பிடி அளவு ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கவில்லை. "என்னைப் பார்த்து, ஏன் லேட்டுன்னு கேக்கற மாதிரி பார்த்துச்சு" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அன்றிலிருந்து அது மேனேஜர். அது நடந்து பன்னிரண்டு வருஷம்.

அவர் இறந்து ஆறு வருஷம். நோயில் கிடந்தது அண்ணி வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடியில். அண்ணி அங்கே துப்புரவுப் பிரிவில் இருந்தாள். அவர் மூச்சு நின்றபோது அவள் இரண்டாவது மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கீழே, உடலை வாங்குவதற்காகக் காத்து நின்ற இடத்தில், நாத்தனார் சொன்னாள்: "எங்க அண்ணன் போயிட்டு இருக்கும்போது நீங்க தரையைத் தொடச்சிட்டு இருந்தீங்க."

அண்ணி பதில் சொல்லவில்லை. பதில் வராததால் நாத்தனாரும் மேற்கொண்டு பேசவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது பூனை வந்து இருவர் காலையும் சுற்றியது. நாத்தனார் குனிந்து அதன் தலையைத் தடவி, "மேனேஜர், உங்கம்மா நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. ஏதாவது சாப்பிடச் சொல்லு" என்றாள். அப்படித்தான் அது ஆரம்பித்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் சாப்பாட்டைக் குறைத்தது. திங்கட்கிழமை வாயோரத்தில் எச்சில் ஒழுகியது. எச்சிலில் லேசாக ரத்தம். நாத்தனார் வாயைத் திறந்து பார்த்தாள். பின்பக்கப் பல் ஒன்று கறுத்து, ஈறு வீங்கியிருந்தது.

"மேனேஜர், நாளைக்கு நான் கூடத்துக்கு லீவு. உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு."

நாத்தனார் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். சட்டைக்குக் காலர் மட்டும். நாள் முழுதும் காலர். பக்கத்து மெஷின்காரி கை, எதிர் மெஷின்காரி பாக்கெட். இவள் ஒரு முழுச் சட்டை தைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. லீவு எடுத்தால் வரிசையே நிற்கும் என்பதால் லீவே எடுக்காதவள், பூனைக்காக எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜரைக் கூடையில் வைத்து மூடியைக் கட்டும்போது அது கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். படியிறங்கும்வரை கத்தியது, தெருவில் கத்தியது. பஸ் நிறுத்தத்தில் கத்தல் சட்டென்று நின்றுவிட்டதாம். நின்றதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்று நாத்தனார் பிற்பாடு சொன்னாள்.

அண்ணிக்கு அன்று வாராந்திர ஓய்வு. வீட்டில் தனியாக இருந்தாள். உடம்பு முடியாத ஜீவன் சாயங்காலம் வாயில் புண்ணோடு திரும்பி வரப்போகிறது. நோயாளி வருகிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷ ஆஸ்பத்திரி வேலையில் அவளுக்கு வேறு எதுவும் அந்த அளவுக்குத் தெரியாது.

மூன்று வாளி எடுத்தாள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஆஸ்பத்திரித் தரைக்குப் போடுகிற கிருமி கொல்லும் லோஷன் கலந்த தண்ணீர். மேலிருந்து கீழே, தூரத்து மூலையிலிருந்து வாசல் நோக்கி. வார்டில் ஒரு கட்டில் காலியானதும் அடுத்த ஆள் வருவதற்கு முன்னால் செய்கிற முழுக் கழுவல் அது. சுவரைக் கையெட்டும் உயரம்வரை துடைத்தாள். கட்டிலை நகர்த்தினாள். நாற்காலிக் கால்களைத் தலைகீழாகப் போட்டுத் தேய்த்தாள். நிலைப்படியின் இரண்டு பக்கமும், சமையலறை மூலையிலும், கட்டில் காலிலும், முழங்கால் உயரத்துக்குக் கீழே விரலகலத்தில் பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்து கிடந்தது. எத்தனை நாள் அழுக்கோ என்று கெட்டிப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, மரத்தின் நிறம் தெரியும்வரை விடவில்லை. மேனேஜரின் இரண்டு கிண்ணங்களையும் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள். அது வெளிக்கிருக்கும் மண் தொட்டியைக் கொட்டிக் கழுவிப் புது மண் நிரப்பினாள்.

கடைசியில் ஸ்வெட்டருக்கு வந்தாள்.

அது அவருடைய ஸ்வெட்டர். சாம்பல் நிறம், வலது முழங்கையில் நாத்தனார் போட்ட ஒட்டு. கிடங்கின் குளிரில் போட்டுக்கொண்டு நின்றது. அவர் போனபிறகு பூனை நாற்காலியில் கிடந்த அதன்மேல் ஏறிப் படுத்தது, அதற்குப் பிறகு வேறெங்கும் தூங்கியதில்லை. ஆறு வருஷமாக அதை யாரும் துவைக்கவில்லை. நாத்தனார் ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தாள்: "மேனேஜர், உன் சொத்துல யாரும் கைவைக்கக் கூடாதுன்னு சொல்லிடு." அண்ணியும் கைவைக்கவில்லை. ஆனால் இப்போது அதன்மேல் சீழும் ரத்தமும் ஒழுகிக் காய்ந்திருந்தது. பல் பிடுங்கிய வாயோடு இதில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்களா யாராவது? வார்டில் இப்படி ஒரு துணியைப் பார்த்தால் தலைமை நர்ஸ் ஆளையே தொலைத்துவிடுவாள். கொஞ்ச நேரம் வாளியின் பக்கத்தில் நின்றாள். பிறகு முக்கினாள். முதல் தண்ணீர் கறுப்பாக வந்தது. இரண்டாவது பழுப்பாக. மூன்றாவது தண்ணீர் தெளிவாக வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நல்ல வெயில். ஐந்து மணிக்குள் காய்ந்துவிட்டது. மடித்து, பழையபடி நாற்காலியில் போட்டுவைத்தாள்.

ஆறு மணிக்கு நாத்தனார் வந்தாள். பகல் முழுவதும் மயக்க மருந்து வாசனைக்குள் உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு மூக்கு மரத்துப்போயிருந்தது. வீட்டின் வாசனை எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

"மேனேஜர், பல்லை எடுத்தாச்சு, இனிமே வலிக்காது, ராத்திரிக்குள்ள சாப்பிடுவேன்னு டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லு" என்று கூடையைத் தரையில் வைத்து மூடியை அவிழ்த்தாள்.

மேனேஜர் உடனே வெளியே வரவில்லை. மூக்கை மட்டும் நீட்டியது. பிறகு வயிறு தரையில் உரச ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. நிலைப்படிக்குப் போய்க் கன்னத்தை வைக்கப்போன இடத்தில் நின்று, வாயைப் பாதி திறந்தபடி அப்படியே இருந்தது. நாற்காலி அடிக்குப் போனது. ஸ்வெட்டரின் தொங்கிய கையை மோந்தது. பின்வாங்கியது. அடுத்த நிமிஷம் கட்டிலுக்கு அடியில், பெட்டிகளுக்கும் பின்னால், சுவரோரத்தில் போய் ஒடுங்கிக்கொண்டது.

அவித்த மீனைக் கிண்ணத்தில் வைத்தார்கள். தொடவில்லை. முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து வைத்தார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று அந்த வீட்டில் புதிதாக ஒரு கஷ்டம் வந்தது. யாரிடம் பேசுவது?

அண்ணி கட்டிலின் இந்தப் பக்கம் மண்டியிட்டுக் குனிந்து, இருட்டுக்குள் பார்த்து, "மேனேஜர், உங்க அத்தையைச் சாப்பிட வரச்சொல்லு" என்றாள். நாத்தனார் அந்தப் பக்கம் குனிந்து, "எனக்குப் பசிக்கல, அவங்களைச் சாப்பிடச் சொல்லு" என்றாள். இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இரண்டு கண்கள் பச்சையாக மின்னின. யார் பக்கமும் காது திரும்பவில்லை.

புதன்கிழமை காலையிலும் கிண்ணம் வைத்தபடியே இருந்தது. நாத்தனார் வேலைக்குப் போகும் முன் கோழி ஈரலைக் கையில் வைத்து நீட்டிப் பார்த்தாள். முடியாமல், மேனேஜரை இழுத்து மடியில் வைத்து, வாயைத் திறந்து ஒரு துண்டைத் திணித்தாள். அது துப்பிவிட்டு, அவள் மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறலையும் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனது. பன்னிரண்டு வருஷத்தில் அது அவளைக் கீறியதில்லை. கீறலைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று பகல் ஆஸ்பத்திரியில், சாமான் அறைக்குள் நின்று அண்ணி மிருக டாக்டருக்குப் போன் செய்தாள். நம்பர் நாத்தனார் சுவரில் ஒட்டிவைத்திருந்த சீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்தது.

"இன்னும் ஒரு வாய்கூட எடுக்கலையா?" என்றாள் டாக்டர்.

"இல்லம்மா. மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது."

"வலிக்கு ஊசி போட்டிருக்கேன், வாய் வலி இருக்காது. வீட்டுல ஏதாவது மாத்தினீங்களா? புது ஆள், புது சாமான்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. உடம்பு சரியில்லாம வருதேன்னு வீட்டை நல்லா சுத்தம் பண்ணி வச்சேன். அவ்வளவுதான்."

"எதைப் போட்டு?"

"லோஷன் போட்டு."

"எவ்வளவு தூரம்?"

அண்ணி சொன்னாள். சுவர், நிலைப்படி, கட்டில் கால், கிண்ணம், மண் தொட்டி, ஸ்வெட்டர். சொல்லச் சொல்ல டாக்டரின் பக்கம் ஊம் கொட்டுவது நின்றுபோனது.

"நிலைப்படியில இருந்த பிசுக்கு அழுக்கு இல்லம்மா" என்றாள் டாக்டர் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகவே சொன்னாள். "அது கன்னத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு வைக்கற அடையாளம். அது என் வீடுன்னு எழுதி வச்ச மாதிரி. இங்க வந்து ஒரு நாள் முழுக்க பயந்துபோய்க் கிடந்துச்சு. வீட்டுக்கு வந்தா வீடும் இதே மாதிரி மணக்குது. இன்னும் ஆஸ்பத்திரியில இருக்கறதாத்தான் அது நினைச்சுக்கிட்டு இருக்கும். எப்படிச் சாப்பிடும்?"

அண்ணி கையிலிருந்த துடைப்பக் கம்பைச் சுவரில் சாய்த்தாள்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. தொடைக்காதீங்க, கழுவாதீங்க. ஒரு மெல்லிசுத் துணியால அதோட கன்னத்தைத் தடவி, அந்தத் துணியை நிலைப்படியில தேய்ங்க. சாப்பாட்டை விரல் சூட்டுக்குச் சூடு பண்ணி வைங்க, மணம் வரணும். அதுக்கு மூக்கு திறந்தாத்தான் வாய் திறக்கும். வாயில திணிக்காதீங்க, சாப்பாட்டையே வெறுத்துடும். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள அதுவா சாப்பிட்டாகணும். இல்லைன்னா ஈரல் போயிடும். வயசும் ஆச்சு."

சாமான் அறையிலிருந்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது லிஃப்ட்காரர் பார்த்துவிட்டார். "என்ன அக்கா, யாருக்கு என்ன?" என்றார். சொன்னாள். அவர், "சுத்தம் பண்ணலைன்னு திட்டு வாங்கி அழறவங்களை நிறையப் பாத்திருக்கேன். சுத்தம் பண்ணிட்டு அழற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, அவளுடைய வாளியைத் தானே தூக்கி லிஃப்டுக்குள் வைத்தார்.

சாயங்காலம் நாத்தனாருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டில் அடியில் பாதி உடம்பை நுழைத்து, மெல்லிய துணியை நீட்டி மேனேஜரின் கன்னத்தைத் தொட்டாள். அது கண்ணை மூடிக்கொண்டு, தொடவிட்டது. எதிர்க்கத் தெம்பில்லை என்று புரிந்தது. துணியை நிலைப்படியில் தேய்த்தாள். சுத்தமான மரத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

நாத்தனார் வந்து செருப்பைக் கழற்றினாள். அண்ணி எழுந்திருக்காமல் கட்டிலடியைப் பார்த்தே பேசினாள்.

"மேனேஜர். உங்க அத்தைகிட்ட சொல்லு. நேத்து வீட்டைக் கழுவிட்டேன்னு. அதனாலதான் நீ சாப்பிடலைன்னு டாக்டர் சொல்றாங்க." நிறுத்தினாள். "ஸ்வெட்டரையும் துவைச்சுட்டேன்னு சொல்லு."

நாத்தனார் நாற்காலிப் பக்கம் போனது கேட்டது. அவள் ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் கழுத்துப் பட்டையில், பிறகு அக்குளில், பிறகு முழங்கை ஒட்டில். ஒவ்வொரு இடமாக மூக்கை வைத்துத் தேடினாள். அண்ணி திரும்பிப் பார்த்தவள், பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள். மேனேஜருக்காகத்தான் நாத்தனார் அதைத் துவைக்கவிடவில்லை என்று ஆறு வருஷமாக அவள் எண்ணியிருந்தாள்.

"எத்தனை தண்ணி அலசினீங்க?" என்றாள் நாத்தனார்.

நேராகக் கேட்டாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அண்ணிக்கென்று வந்த முதல் பேச்சு அது.

"மூணு" என்றாள் அண்ணி.

"மூணா."

"முதல் தண்ணி கறுப்பா வந்துச்சு."

"வரும்" என்றாள் நாத்தனார்.

திட்டுவாள் என்று அண்ணி காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். நாத்தனார் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருட்டிய பிறகுதான் எழுந்து விளக்கைப் போட்டாள்.

அவருடைய சாமான் வேறேதாவது வீட்டில் இருக்கிறதா என்று இருவரும் தேடினார்கள். சட்டைகளைக் கொடுத்தாகிவிட்டது. செருப்பு, தொப்பி, தலையணை எல்லாவற்றையும் அந்த வருஷமே அண்ணி லோஷனில் முக்கிக் காயவைத்துத்தான் கொடுத்தாள். பெட்டிகளில் காகிதம் மட்டும் இருந்தது. மேனேஜர் பெட்டிகள் நகர்வதைப் பார்த்து இன்னும் மூலைக்குப் போனது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை நாத்தனார் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"வெயில்ல வெந்துடுவீங்க" என்றாள் அண்ணி. அவளுக்கும் நேராகப் பேச வந்துவிட்டது. வாய் பழகாததால் குரல் கரகரத்தது.

"வேகட்டும். அண்ணன் வாசனை வராது. என்னோடதாவது வரட்டும். மேனேஜர் என் மடியிலயும் படுத்தவன்தானே."

தகரக் கூரைக்குக் கீழே முப்பது மெஷின் ஓடும் கூடம் அது. கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து பாக்கெட்காரி, "என்னக்கா, குளிர் காய்ச்சலா, கல்யாணக் களையா?" என்று கேட்டாளாம். "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டுக் காலரை மெஷினில் வைத்தாளாம். மத்தியானத்துக்குள் முதுகு நனைந்து சொட்டியதாம். மேஸ்திரி வந்து கழற்றச் சொல்லியும் கழற்றவில்லையாம். இதையெல்லாம் அன்று சாயங்காலம் நாத்தனாரே சொன்னாள், சிரித்துக்கொண்டு இல்லை.

அண்ணி அன்று வேலைக்குப் போகவில்லை. போனால் கையிலும் காலிலும் லோஷனோடுதான் திரும்ப வேண்டும். குளிக்கவும் இல்லை. தலை வாரவில்லை. அடுப்படியில் சிந்திய பாலைத் துடைக்கவில்லை. ஓர் எறும்பு வரிசை வந்தது, அதையும் விட்டுவிட்டாள். பத்தொன்பது வருஷமாக ஒரு சொட்டு கீழே விழுந்தால் கை தானாகத் துணியைத் தேடும். அன்று இரண்டு கையையும் மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்களையும் அடைத்துவிட்டாள். மணிக்கொரு தரம் எழுந்து, மீனைச் சூடு பண்ணி, விரலால் தொட்டுப் பார்த்து, கட்டிலடியில் தள்ளினாள். மணிக்கொரு தரம் ஆறிப்போனதை எடுத்தாள்.

சாயங்காலம் நாத்தனார் வந்து ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஈரத்தில் இரண்டு மடங்கு கனத்தது. அதை அப்படியே கட்டிலடியில் மேனேஜரின் பக்கத்தில் தள்ளினாள். அது மூக்கை நீட்டியது. இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது.

"மோந்தான்" என்றாள் நாத்தனார்.

"ம்."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மேனேஜர் ஸ்வெட்டரின் கைமேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நாத்தனார் அரை நாள் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். திரும்பி வந்தபோது அது கட்டில் விளிம்புவரை, ஒரு சாண் வெளிச்சத்துக்குள், ஸ்வெட்டரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. அண்ணி பக்கத்தில் படுத்திருந்தாள், தரையோடு கன்னத்தை வைத்து. நாத்தனாரைப் பார்த்து, சத்தம் போடாதே என்று கண்ணால் சொன்னாள்.

மீன் சூடாக இருந்தது. அண்ணி அதை மசித்து ஆள்காட்டி விரலில் எடுத்து மூக்குக்கு முன்னால் நீட்டினாள். இரண்டு நாளாகச் சோப்புப் படாத விரல். மேனேஜர் அதைப் பார்த்தது. மூக்கு அசைந்தது. நாக்கு வந்தது.

ஒரு தரம் நக்கியது. நிறுத்தியது. இன்னொரு தரம்.

"நக்கறான்" என்றாள் நாத்தனார்.

"பேசாதீங்க."

மூன்றாவது தரம் நக்கியபோது, விரலில் இருந்தது முழுக்கப் போய்விட்டது. நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி இன்னொரு விரல் எடுத்தாள். அதையும் நக்கியது. அந்த அறையில் ஒரு நிமிஷம், அரை நிமிஷம்தான் இருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது.

பிறகு மேனேஜரின் வயிறு உள்ளே இழுத்தது. கழுத்தை நீட்டி, இரண்டு தரம் உடம்பு குலுங்க, தின்றதையும் அதற்குப் பின்னால் மஞ்சளாக நுரைத் தண்ணீரையும் தரையில் கக்கியது. அண்ணியின் கை துணியைத் தேடிப் போனது. பாதியில் நின்றது. மேனேஜர் தலையைத் திருப்பிக்கொண்டது. ஜன்னல் இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் அதன் காதின் உட்புறம் தெரிந்தது. மஞ்சள். அவள் அந்த நிறத்தை வார்டில் எத்தனையோ கண்களில் பார்த்திருக்கிறாள்.

டாக்டருக்கு நாத்தனார்தான் போன் செய்தாள். கேட்டுக்கொண்டே, கேட்டதைச் சொன்னாள். "மூக்கு வழியா குழாய் போட்டுச் சாப்பாடு இறக்கிப் பாக்கலாம்னு சொல்றாங்க. பத்து நாள் அங்கயே இருக்கணும். பத்துல ஒண்ணு பிழைக்கலாமாம். கூட்டிட்டுப் போறதையே தாங்குமான்னு சொல்ல முடியலையாம். ஆறு மணி வரைக்கும் இருப்பாங்களாம், முடிவு பண்ணிச் சொல்லணுமாம்."

மணி நாலரை.

நாத்தனார் போய்க் கூடையை எடுத்துவந்து கீழே வைத்தாள். பிரம்பு தரையில் பட்ட சத்தத்துக்கே மேனேஜர் பின்னுக்கு நகர்ந்தது. எழ முடியவில்லை. வயிற்றைத் தேய்த்துக்கொண்டே ஸ்வெட்டரை விட்டுவிட்டு இருட்டுக்குள் போனது.

இரண்டு பேரும் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க ஆஸ்பத்திரியில தினம் பாக்கறவங்க" என்றாள் நாத்தனார். "மறைக்காம சொல்லுங்க. குழாய் போட்டா பிழைப்பானா?"

அண்ணிக்கு அந்தக் கேள்வியை யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். வராந்தாவில் துடைத்துக்கொண்டு போகும்போது கையைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். டாக்டர் கிட்ட கேளுங்கம்மா என்று நகர்ந்துவிடுவாள்.

"பிழைக்க மாட்டான்" என்றாள்.

நாத்தனார் தலையாட்டினாள். கொஞ்சம் கழித்து, "அண்ணனுக்கும் தெரிஞ்சிருந்துச்சா, உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்குக் காலையிலேர்ந்து. மூச்சு விடற விதம் மாறிடுச்சு."

"என்னை ஏன் கூப்பிடல?"

ஆறு வருஷமாக அந்த வீட்டுக்குள் கிடந்த கேள்வி. அதைப் பூனை வழியாகக் கேட்க முடிந்திருக்காது.

"கூப்பிடப் போனேன்" என்றாள் அண்ணி. "அப்ப என்கிட்ட போன் இல்ல, கீழ ஆபீஸ் ரூம்லதான். இறங்கும்போது ரெண்டாவது மாடியில ஒருத்தருக்கு ரத்தம் கொட்டி, வராந்தா பூரா கிடந்துச்சு. ஆளுங்க அதுல நடந்து போறாங்க. நர்ஸ் என்னைப் பாத்துட்டுக் கத்தினா. அஞ்சு நிமிஷம்னு நினைச்சேன். தொடச்சிட்டுப் போயிடலாம்னு."

"அஞ்சு நிமிஷம்."

"ஆமா."

"தொடச்சிட்டே இருந்துட்டீங்க."

"தொடச்சிட்டேன். அதுக்குள்ள மேலேர்ந்து ஆள் வந்து கூப்பிட்டாங்க. மேல போனா முடிஞ்சிருந்துச்சு." அண்ணி தன் கைகளைப் பார்த்தாள். "அந்தக் கட்டிலையும் நான்தான் கழுவினேன். டூட்டி என்னோடது."

நாத்தனார் மன்னித்துவிட்டேன் என்றோ, போனால் போகிறது என்றோ சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்லிவிட முடிகிறதா? முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கூடையின் மூடியைச் சாத்தி, காலால் ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடுங்க" என்றாள். "என்னால சொல்ல முடியாது."

அண்ணி சொன்னாள். டாக்டர், சரிம்மா, பக்கத்துல இருங்க, வலி தெரிஞ்சா கூப்பிடுங்க, நானே வர்றேன் என்றாள். அண்ணி போனை வைத்துவிட்டு வந்து கட்டிலின் இந்தப் பக்கம் படுத்தாள். நாத்தனார் அந்தப் பக்கம் படுத்தாள். இரண்டு பக்கமிருந்தும் ஸ்வெட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினார்கள், அது இருக்கும் இடம்வரை. மேனேஜர் மோவாயை மறுபடி அதன்மேல் வைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. வைத்தது.

"மூணு தரம் நக்கினான் இல்ல?" என்றாள் நாத்தனார்.

"நாலு."

"நாலா. நான் மூணுதான் பாத்தேன்."

"ரெண்டாவது விரல்ல ஒண்ணு."

நாத்தனார் கையை நீட்டிக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மீன் ஆறிப்போச்சு" என்றாள் நாத்தனார்.

"சூடு பண்ணட்டுமா?"

"தொட மாட்டான்."

"தெரியும்."

"பண்ணுங்க."

அண்ணி கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். தரையில் கிடந்த மஞ்சள் ஈரத்தை மிதிக்காமல் தாண்டிக் காலை வைத்து, கிண்ணத்தோடு அடுப்படிக்குப் போனாள்.